இழுக்கும் வலிமையும் சுமக்கும் வலிமையும்

நவி மும்பையில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தை ஒட்டிய சாலைகளில், கன்டெய்னர் பெட்டிகளைத் தாங்கிச் செல்லும் டிரெய்லர் லாரிகளை நம் அன்பர்கள் பலர் கண்டிருப்பர். முன் வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய தகடு ஒன்று இருக்கும். பின் வண்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளை, அத்தகட்டின் பிளவில் பொருந்தித் திரும்பும். இத்தகட்டுக்கு ‘ஐந்தாம் சக்கரம்’ என்று பெயர். குதிரை வண்டிகளில் முன் அச்சு இருபுறமும் திரும்புவதற்காக அதன்மேல் படுக்கையாக ஒரு வளையம் வைத்தனர். நான்கு சக்கரங்களுக்கு மேல் ஐந்தாவதாக அமைந்த அவ்வளையத்தின் பெயரே இன்றும் நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் இதே அமைப்பைக் கொண்டு வீட்டையே இழுத்துச் செல்கின்றனர். படுக்கை, சமையற்கட்டு, குளியலறை யாவும் அடங்கிய டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் பூட்டிக்கொண்டு, மலையும் வனமும் காணக் குடும்பத்தோடு புறப்படுவது அங்கே பெருவழக்கு. நம் குடும்பங்களிலிருந்து அங்கே குடியேறிய பிள்ளைகளுக்கும் இவ்வாசை எழுவது இயல்பே. பெற்றோர் சென்றிருக்கும் சமயத்தில் அவர்களையும் அழைத்துச் செல்ல விரும்புவர். ஆதலின் இதன் சூட்சுமத்தை இங்கிருப்போரும் அறிந்திருத்தல் நலம்.

கேட்க வேண்டிய கேள்வி

டிரெய்லர் வாங்கப் போகிறவர், “என் வண்டி இதை இழுக்குமா?” என்று கேட்கிறார். விற்பவரும், “தாராளமாக இழுக்கும்” என்கிறார். அது பொய்யன்று, ஆனால் கேள்விதான் போதாது. “என் வண்டி இதைச் சுமக்குமா?” என்பதே முதற் கேள்வியாக இருத்தல் வேண்டும்.

காரணம் யாதெனின், சாதாரண டிரெய்லர் வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டப்படுவது. அதன் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கே கொக்கியின்மேல் அமரும். ஐந்தாம் சக்கர டிரெய்லரோ பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே அமர்கிறது. அதனாலேயே காற்றிலும் வளைவிலும் அது குறைவாக ஆடுகிறது. ஆனால் அந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு: டிரெய்லர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை, சிலவற்றில் நான்கில் ஒரு பங்கைக்கூட, வண்டி தன் முதுகில் தாங்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 4,500 கிலோ வரை இழுக்கலாம் என்று குறிக்கப்பட்ட சிறிய பிக்கப் ஒன்று. அது சுமக்கக்கூடியது 770 கிலோ. டிரெய்லரின் முழு எடை 4,000 கிலோ. இழுவைக் கணக்கில் குறையில்லை. இனிச் சுமையைக் கூட்டுங்கள்: முளையின்மேல் அமரும் எடை 800 கிலோ, இணைப்புக் கருவி 70, ஓட்டுநர் உட்பட நால்வர் 280, மூட்டை முடிச்சு 50. ஆக 1,200 கிலோ! வரம்புக்கு மேல் 430 கிலோ. சமதரையில் இது தெரியாது. மலையிறக்கத்தில் பிரேக் சூடேறும்போதும், கோடை வெயிலில் பின் டயர் கொதிக்கும்போதும் தெரியும். அப்போது தெரிந்து பயன் என்ன?

சுமக்கும் வரம்பு, ஓட்டுநர் பக்கத்துக் கதவு நிலையில் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். விளம்பரத் தாளை நம்பாமல் அச்சீட்டையே நம்புக. ‘அரை டன்’, ‘ஒரு டன்’ என்னும் பெயர்கள் பழைய வழக்கு. இன்றைய உண்மை அளவை அவை காட்டா. டிரெய்லருக்கும் அதன் வெற்று எடையைக் கொள்ளாமல், அனுமதிக்கப்பட்ட உச்ச எடையையே கணக்கில் கொள்க. தண்ணீர்த் தொட்டியில் 200 லிட்டர் நிரப்பினால் 200 கிலோ ஏறிவிடும் அன்றோ?

நீளமும் உயரமும்

அடுத்தது சரக்குத் தொட்டியின் நீளம். டிரெய்லரின் அகலம் எட்டு அடி முதல் எட்டரை அடி. முளையிலிருந்து அதன் முன் மூலை பக்கவாட்டில் நாலேகால் அடி வரை நீண்டிருக்கும். எட்டடித் தொட்டியாயின் பெரும்பாலும் இடம் போதும். ஆறரை அடி, ஐந்தரை அடித் தொட்டிகளில், குறுகத் திரும்பும்போது அம்மூலை ஓட்டுநர் அறையின் பின் கண்ணாடியை இடித்துவிடக்கூடும். அத்தகைய வண்டிக்கு, திரும்பும் வேளையில் பின்னுக்கு நகர்ந்து கொடுக்கும் இணைப்புக் கருவியே ஏற்றது.

தொட்டியின் பக்கச் சுவருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்காக இணைப்பை மிக உயர்த்தினால் டிரெய்லரின் மூக்கு மேலேறி, சுமை பின் அச்சுக்குச் சாயும். எனவே சமதளமாக நிற்பதையும் ஒருங்கே கவனித்தல் அவசியம்.

புறப்படுமுன்

இணைப்புக் கருவியின் தாங்கு திறன் டிரெய்லரின் உச்ச எடைக்குக் குறையாதிருக்க வேண்டும்; அதைத் தாங்கும் தண்டவாளங்கள் வண்டியின் அடிச்சட்டத்தோடு முடுக்கப்பட வேண்டும். முளை பூட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பின்னர், டிரெய்லரின் தாங்குகால்கள் தரையில் இருக்கும்போதே அதன் பிரேக்கைப் பிடித்து, வண்டியை மெல்ல முன்னே இழுத்துச் சோதிக்க வேண்டும். மின் இணைப்பையும், வண்டிகள் பிரிந்தால் டிரெய்லரின் பிரேக்கைத் தானே இயக்கும் அறுபடுக் கம்பியையும் மாட்ட மறத்தல் ஆகாது. முதற் பயணத்திலேயே, எல்லோரும் ஏறியமர்ந்த நிலையில், நெடுஞ்சாலை எடைமேடையில் ஒருமுறை நிறுத்துக. கணக்கின் மெய்யும் பொய்யும் அங்கே விளங்கிவிடும்.

மயிலிறகே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு ஒடியும் என்று வள்ளுவர் நமக்கு உணர்த்திச் சென்றார். அவர் கண்டது மாட்டு வண்டி. நம் பிள்ளைகள் ஓட்டுவது எந்திர வண்டி. அச்சு ஒன்றுதான். அடுத்த முறை தொலைபேசியில், “அப்பா, டிரெய்லர் வாங்கப் போகிறேன்” என்று குரல் வந்தால், விலையைக் கேட்குமுன், “கதவுச் சீட்டைப் படித்தாயா?” என்று கேளுங்கள்.