தோள்பட்டையில் ஒரு சுண்ணாம்புக் கட்டி

"ராத்திரி ரெண்டு மணிக்குத் திடீர்னு தோள்பட்டை தெறிக்க ஆரம்பிச்சுது, கையைத் தூக்கவே முடியலே!" வைட்ஃபீல்டில் கணினியே கதியென்று வாழும் நாம் இதைக் கேட்டால், "எல்லாம் கம்ப்யூட்டர் வேலைதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்துவிட்டாலோ, வீட்டில் பாலுக்கும் கால்சியம் மாத்திரைக்கும் தடை விழுந்துவிடும். இரண்டுமே அவசர முடிவுகள்.

தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களில், பெரும்பாலும் மேற்பக்கம் உள்ளதில், கால்சியம் படிவதே இந்நோய். எலும்பில் உள்ள அதே வகை உப்புதான் இது. 30 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. ஏன் படிகிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆனால் உணவில் சேரும் கால்சியத்தால் அல்ல. ஆகவே எலும்புத் தேய்மானத்துக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கட்டி உருவாகும்போது பலருக்கு வலியே தெரியாது. உடம்பு அதைக் கரைக்கத் தொடங்கும்போதுதான் உயிர் போகிற வலி! அப்போது கட்டி பற்பசைபோல் இளகியிருக்கும். அதாவது, கடும் வலி பல சமயம் குணமாவதன் அறிகுறி.

எக்ஸ்ரேயே நோயைக் காட்டிவிடும், அல்ட்ராசவுண்டும் உதவும். 'உறைந்த தோள்' என்று எண்ணிக் கையை முறுக்கி இழுக்கச் சொல்லாதீர்கள். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் கிருமித் தொற்றா என்று பார்க்க வேண்டும். இடது தோள் வலியோடு நெஞ்சடைப்பு, வியர்வை இருந்தால் முதலில் இதயத்தைக் கவனியுங்கள்.

சிகிச்சை? வலி மாத்திரை (வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்டுத்தான்), ஐஸ் ஒத்தடம், வலி தணிந்தபின் பிசியோதெரபி. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி. சர்க்கரை நோயாளிகளுக்கு அதனால் சில நாள் சர்க்கரை ஏறலாம். ஊசியால் கட்டியைக் கழுவி எடுப்பதும், அதிர்வலைச் சிகிச்சையும் உண்டு. ஆனால் நார்வே, ஸ்வீடனில் 220 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், 4 மாதம் கழித்துப் பார்த்தபோது, கழுவி எடுத்தவர்களுக்கும் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பல மாதங்களாகியும் தீராத சிலருக்கே நுண்துளை அறுவை.

எனவே, எக்ஸ்ரேயைப் பார்த்த அன்றே ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டாம். டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உருவாகும் கட்டியா, கரையும் கட்டியா?" பதிலைப் பொறுத்தே மற்றதெல்லாம்.