அரிசியும் சோறும்

இரக்கம் இருந்தால் சாதி போய்விடுமா என்று கேட்டீர்கள். எப்படிப்பட்ட இரக்கம் என்று பார்க்க வேண்டும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நம் ஊர்களில் அரிசிக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அரிசி, நெல், காய்கறி எல்லாம் யார் வயலிலிருந்து வந்தாலும் தீட்டில்லை. அதே அரிசி உலையில் வெந்து சோறாகிவிட்டால் போதும். ஆக்கியது யார், பரிமாறியது யார், பக்கத்து இலையில் யார் என்ற கேள்விகள் வந்துவிடும். அதனால்தான் கொல்லைப்புறம் வந்து நிற்பவருக்கு மரக்கால் கணக்கில் நெல் அளந்தவரால், அவரோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அளந்த கையில் இரக்கம் நிஜமாகவே இருந்தது. கோடும் அப்படியே இருந்தது.

வள்ளலார் கை வைத்தது அந்தக் கோட்டில்தான். வடலூரில் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். சத்திரங்கள் அதற்கு முன்பும் இருந்தன. பலவற்றில் இன்ன சாதிக்குத்தான் சாப்பாடு என்று இருந்தது. இங்கே பசித்து வந்தவர் என்பதே போதும், சாதியோ சமயமோ கேட்பதில்லை. கொடுத்ததும் அரிசியல்ல, ஆக்கிய சோறு. அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையாமல் காக்கிறார்கள்.

இதனால் நாடே மாறிவிடவில்லை. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் தேசப்பற்றோடு நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் 1925 வாக்கில் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஐயர் நாட்டுக்காக உயிரையே பணயம் வைத்தவர். அப்படிப்பட்டவராலும் ஒரு பந்தியை ஒன்றாக்க முடியவில்லையே என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

கையிலிருக்கும் இந்த கிளாஸையே பாருங்கள். சாதி பார்த்து இரட்டைக் குவளை வைத்த கடைகளிலும் பால் ஒன்று, டிகாக்‌ஷன் ஒன்று. காசு போடும் கல்லாவும் ஒன்றுதான். வாய் படும் கிளாஸ் மட்டும் வேறு.

ஒருமுறை வடலூர் போய்ப் பந்தியில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் எந்த ஊர், என்ன பெயர் என்று தெரியாது. அவர் இலை காலியாக இருந்தால், பரிமாறுபவரை “இங்கே கொஞ்சம் சோறு” என்று கூப்பிடப் போவது நீங்கள்தான்.