அரிவாளுக்கு ஏன் எண்ணெய்?

மாங்காய் வெட்டிய அரிவாளைத் துடைக்காமல் கூரையில் செருகிவிட்டால், மறுநாள் காலை வாய் நெடுகச் செம்பழுப்புப் பொட்டுகள். இரும்போடு நீரும் ஆக்சிஜனும் கூடினால்தான் துரு. மாங்காயின் புளிப்பும் கை வியர்வையின் உப்பும் அதை விரைவுபடுத்தும். அலுமினியத்தில் படியும் ஆக்சைடு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்புத் துருவோ பொருபொருவென உதிர்ந்து, உள்ளே ஈரத்துக்கு வழிவிடும்.

எண்ணெயின் வேலை, ஈரம் இரும்பைத் தொடாமல் மறிப்பது. ஈரத்தின் மேலேயே பூசினால் வீண். முதலில் துடைத்து, சற்று வெயிலில் காட்டி, பிறகு தேங்காய் எண்ணெய் நனைத்த துணியால் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். கோடரியை இரவெல்லாம் தோலுறையிலேயே விட்டுவைக்காதீர்கள், உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். வாழைக்காய் வெட்டினால் படியும் கருங்கறை துருவல்ல, டானினும் இரும்பும் சேர்ந்தது. அதைச் சுரண்ட வேண்டாம்.