மார்பக மீளமைப்பும் நோயாளியின் மனநிறைவும்

ஒரு சத்திரசிகிச்சை வெற்றி பெற்றதா என்பதைக் கூறவேண்டியவர் யார்? கத்தியைக் கையில் எடுத்தவரா, கத்திக்கு உடலைக் கொடுத்தவரா? நெடுங்காலம் இந்த வினாவுக்கு மருத்துவ உலகில் ஒரே விடைதான் வழங்கி வந்தது. காயம் ஆறியதா, நோய் திரும்பாதிருக்கின்றதா, வைத்தியர் எடுத்த புகைப்படத்தில் இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்பவையே வெற்றியின் அளவுகோல்களாயிருந்தன. அந்த உடலோடு எஞ்சிய வாழ்நாளைக் கழிக்கவேண்டியவள் என்ன எண்ணுகிறாள் என்று முறையாகக் கேட்டறியும் வழக்கம் மிகப் பிந்தியே உண்டாயிற்று. மார்பகப் புற்றுநோயின் காரணமாக மார்பகத்தை இழந்த பெண்களின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னும் சத்திரவைத்தியர் 1894ஆம் ஆண்டில் தமது சிகிச்சை முறையைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மார்பகத்தை மட்டுமன்றி, அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றுவதே அம்முறை. முக்கால் நூற்றாண்டுக் காலம் அது பெரும்பாலும் மாறாத விதியாகவே நிலவியது. உயிர் பிழைத்த பெண்கள் பலர் குழிவிழுந்த நெஞ்சோடும் வீங்கிய கையோடும் காலங்கழித்தனர். உயிர் கிடைத்ததே, வேறென்ன வேண்டும் என்று உலகம் அவர்களைப் பார்த்துக் கேட்டது. அவர்களும் அதற்குமேல் வாய்திறக்கவில்லை.

இந்நிலை படிப்படியாக மாறியது. அமெரிக்காவில் பேர்னாட் பிஷரும் இத்தாலியில் உம்பேர்த்தோ வெரொனேசியும் நடத்திய ஆய்வுகளின் இருபதாண்டுப் பெறுபேறுகள் 2002இல் வெளிவந்தன. கட்டி சிறிதாயிருக்கும்போது அதனை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும், மார்பகம் முழுவதையும் அகற்றினாலும், உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஒன்றே என்பதை அவை நிலைநாட்டின. எனினும், கட்டி பெரிதாயிருப்பினும், பல இடங்களிற் பரவியிருப்பினும், பரம்பரையாக வந்த மரபணுக் குறை இருப்பினும், மார்பகம் முழுவதையும் அகற்றுவதே இன்றும் பலருக்கு ஏற்ற வழியாகின்றது. அத்தகையோருக்கே மீளமைப்பு என்னும் கேள்வி எழுகின்றது.

மீளமைக்கும் முயற்சி புதியதன்று. ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் வின்சென்ஸ் செர்னி என்னும் வைத்தியர், நோயாளியின் இடுப்புப் பக்கத்தில் வளர்ந்திருந்த கொழுப்புக் கட்டியொன்றை எடுத்து மார்பகத்தின் வெற்றிடத்தை நிரப்பிய செய்தி 1895இல் வெளியாயிற்று. இத்தாலியரான தான்சினி, முதுகின் தசையையும் தோலையும் முன்புறத்துக்குத் திருப்பும் முறையை 1906இல் விவரித்தார். 1962இல் ரெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்ரன் நகரில் தோமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ ஆகிய இருவரும் சிலிக்கோன் கூழ் நிரம்பிய பையை முதன்முதலாக ஒரு பெண்ணின் மார்பிற் பதித்தனர். 1982இல் கார்ல் ஹாற்றம்ப் அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் தசையோடு மேலே கொண்டுவரும் முறையை வெளியிட்டார். 1990களின் தொடக்கத்தில் நியூ ஓலியன்ஸ் நகரின் றொபேட் அலன், வயிற்றுத் தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கும் நுட்பத்தை மார்பக மீளமைப்பிற் கையாண்டார்.

ஆகவே இன்றுள்ள வழிகளை இரண்டு குடும்பங்களாக வகுக்கலாம். முதலாவது, செயற்கைப் பை கொண்டு அமைப்பது. பெரும்பாலும் முதலில் வெறும் பையொன்றைத் தோலின் கீழோ தசையின் கீழோ வைத்து, வாரந்தோறும் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்வர். தோல் போதிய அளவு விரிந்தபின் நிலையான பையை வைப்பர். சத்திரசிகிச்சை குறுகியது, உடலின் வேறெந்தப் பாகத்திலும் தழும்பு இல்லை. இரண்டாவது, பெண்ணின் சொந்த இழையத்தைக் கொண்டு அமைப்பது. அடிவயிற்றின் தோலும் கொழுப்பும் நெஞ்சுக்கு மாற்றப்பட்டு, அவற்றின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நெஞ்சிலுள்ள குழாய்களோடு உருப்பெருக்கியின் உதவியாற் பொருத்தப்படுகின்றன. இது பல மணி நேரம் நீளும் சத்திரசிகிச்சை. வைத்தியசாலையிற் பல நாள்கள் தங்கவேண்டும். வயிற்றிலும் நீண்ட தழும்பொன்று எஞ்சும்.

இவற்றுள் எது சிறந்தது? இங்கேதான் நோயாளியின் சொல்லுக்கு இடம் பிறந்தது. அமெரிக்க வைத்தியர் ஆந்திரியா பூசிக்கும் அவருடைய துணைவர்களும் 2009இல் பிரெஸ்ற் கியூ என்னும் வினாத்தாளை வெளியிட்டனர். பெண்களை நேரிற் கண்டு உரையாடி, அவர்களுக்கு எவை முக்கியமாகத் தோன்றினவோ அவற்றைக்கொண்டே அதன் வினாக்கள் அமைக்கப்பட்டன. ஆடை அணிந்தபோதும் அணியாதபோதும் தோற்றம் எவ்வாறிருக்கின்றது, பிறரோடு பழகும்போது தன்னம்பிக்கை குன்றுகின்றதா, நெஞ்சில் வலியோ இறுக்கமோ உண்டா, இல்லற உறவில் மனத்தடை உண்டா என்பன போன்றவற்றுக்குப் பெண் தானே விடையளிக்கின்றாள். விடைகள் 0 முதல் 100 வரையான புள்ளிகளாக மாற்றப்படுகின்றன. வைத்தியரின் கண்ணுக்குத் தோன்றியதை விட்டு, நோயாளியின் உள்ளம் உணர்ந்ததை அளக்கும் கோல் இது.

இக்கோலைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகளுட் பெரியதொன்று, அமெரிக்காவிலும் கனடாவிலுமுள்ள 11 நிலையங்களில் 2012இல் தொடங்கியது. சிகிச்சைக்குப் பின் இரண்டாண்டுகள் கழிந்த 2,013 பெண்களின் விடைகள் 2018இல் வெளியாயின. அவர்களுள் 1,490 பேர் செயற்கைப் பையையும் 523 பேர் சொந்த இழையத்தையும் கொண்டு மீளமைத்துக்கொண்டவர்கள். மார்பகத்தைப் பற்றிய மனநிறைவிற் சொந்த இழையத்தார் ஏறக்குறைய 8 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தனர். உளநலத்திலும் இல்லற நலத்திலும் அவர்களே முன்னின்றனர். சொந்த இழையம் உடலோடு உடலாக மென்மையாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கின்றது. உடல் பருத்தால் தானும் பருத்து, மெலிந்தால் தானும் மெலிகின்றது. இதனை அந்நியப் பொருளாக உணராதிருப்பதில் வியப்பில்லை.

ஆயின் இந்த முடிவை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்மானத்துக்கு வருதல் அவசரமாகும். அதே ஆய்வுத் தொகுதியில், ஏதாவதொரு சிக்கலுக்கு உள்ளானோர் மொத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். சிக்கல்களின் எண்ணிக்கை சொந்த இழையத்தாரிடமே கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் மீளமைப்பு முற்றாகத் தோல்வியுற்று அகற்றப்படுதல் செயற்கைப் பை வைத்தோரிடம் மிகுந்திருந்தது. வயிற்றிலிருந்து இழையம் கொடுத்தோரின் வயிற்றுப் பலம் இரண்டாண்டுகளின் பின்னும் பழைய நிலையை முழுமையாக எட்டவில்லை. பாரம் தூக்கி உழைக்கும் பெண்ணுக்கு இது சிறிய செய்தியன்று.

கதிர்ச் சிகிச்சை வேண்டப்படும் பெண்களுக்குக் கணக்கு மேலும் மாறுகின்றது. கதிர் பட்ட தோல் இறுகும். பையைச் சுற்றி உடல் இயல்பாக எழுப்பும் உறை தடித்துச் சுருங்கும். அதனால் உருவம் கெடுவதோடு வலியும் உண்டாகும். கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுட் பை வைத்தோருக்குச் சிக்கல்கள் மிகுந்தும் மனநிறைவு குறைந்தும் இருந்தன என்பதை அதே நிலையங்களின் ஆய்வு காட்டியது. எனவே, கதிர்ச் சிகிச்சை வருமா என்பதை அறியாமல் மீளமைப்பைத் திட்டமிடுதல், மழை வருமா என்று பாராமல் நெல்லைக் காயப்போடுவதை ஒக்கும்.

செயற்கைப் பைகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அவை ஆயுள் முழுவதும் உழைப்பவையல்ல; கசிந்தோ இறுகியோ மாற்றவேண்டி நேரலாம். அவற்றின் பாதுகாப்புப் பற்றிய ஐயத்தினால் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1992இல் சிலிக்கோன் பைகளின் பாவனையைக் கட்டுப்படுத்தி, 2006இலேயே மீண்டும் பொதுவாக அனுமதித்தது. மேற்பரப்புச் சொரசொரப்பான பைகளோடு தொடர்புடைய அரிய நிணநீர்ப் புற்றுநோயொன்று பின்னர் அறியப்பட்டமையால், 2019இல் அவ்வகைப் பைகள் சில உலகச் சந்தையிலிருந்து மீட்டெடுக்கப்பட்டன. மறுபுறத்தில், மீளமைப்பினால் மார்பகப் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு மிகுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்பதும் அறியத்தக்கது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. இப்பெண்கள் திருவுளச்சீட்டின்படி பிரிக்கப்பட்டவர்களல்லர். தத்தம் உடல்நிலையையும் விருப்பத்தையும் நோக்கி வைத்தியரோடு கலந்து தெரிந்தெடுத்தவர்கள். மெலிந்த உடலாளுக்கு வயிற்றிற் போதிய கொழுப்பில்லை. நீரிழிவும் புகைப்பழக்கமும் உடையோருக்கு நீண்ட சத்திரசிகிச்சை ஆபத்தானது. சிறு குழந்தையைப் பேணுபவளுக்கு நீண்ட ஓய்வு கிட்டாது. பல்லாயிரவரின் சராசரி, ஒருத்தியின் விதியை எழுதிவிடாது.

மனநிறைவுக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள தொடர்பும் பெரிது. எந்த முறையாற் செய்யினும், மீளமைத்த மார்பகத்திற் பழைய தொடுவுணர்ச்சி பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை, தழும்பும் மறைவதில்லை. ஒரே சத்திரசிகிச்சையோடு வேலை முடிவதும் அரிது. இவற்றை முன்னரே அறிந்தவள் ஆறுதல் அடைகின்றாள். இழந்ததே திரும்பி வரும் என்று எண்ணியவள், வைத்தியர் வியக்கும் வேலைப்பாட்டைக் கண்டும் ஏமாற்றமடைகின்றாள். கத்தி தொடுமுன் பேசப்படும் உண்மையும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மீளமைத்தே ஆகவேண்டும் என்ற நியதியும் இல்லை. 1978இல் ஒரு மார்பகத்தை இழந்த அமெரிக்கக் கவிஞர் ஓட்ரி லோட், வெறுமையை மறைக்கும் போலி மார்பகத்தை அணிய மறுத்து, அந்த மறுப்பின் நியாயங்களை 1980இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். பிறர் கண் கூசாதிருப்பதற்காகத் தம் உடலை மறைக்க அவர் ஒருப்படவில்லை. இங்கிலாந்தில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், மார்பகம் அகற்றப்பட்டவர்களுள் ஐவரில் ஒருவரே உடனடி மீளமைப்பைச் செய்துகொண்டிருந்தனர். மீளமைக்காமலும் நிறைவோடு வாழலாம். ஆண்டுகள் கழிந்தபின் மீளமைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் சட்டமொன்று, மார்பகம் அகற்றும் செலவை ஏற்கும் காப்புறுதி மீளமைப்பையும் போலி மார்பகத்தையும் ஏற்கவேண்டும் என்று விதித்தது. வேண்டுமென்பவளுக்கும் வேண்டாமென்பவளுக்கும் உரிமை ஒன்றே.

இலங்கையிலும் பெண்களை மிகுதியாகப் பீடிக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. நாணத்தினால் பேசப்படாத பேச்சு, பின்னர் கேட்கப்படாத கேள்வியாகி விடுகின்றது. எனக்குக் கதிர்ச் சிகிச்சை தேவைப்படுமா? எந்த முறை என் உடலுக்கும் உழைப்புக்கும் ஏற்றது? எத்தனை சத்திரசிகிச்சைகள், எவ்வளவு ஓய்வு? ஒன்றுமே செய்யாதிருந்தால் என்ன? இவ்வினாக்களை வைத்தியரிடம் கேட்பது மரியாதைக் குறைவன்று. கணவனும் பெற்றோரும் பிள்ளைகளும் அருகிருந்து துணைசெய்யலாம். விடையைத் தெரிந்தெடுக்க வேண்டியவள் அப்பெண்ணே. ஏனெனில், ஒவ்வொரு நாட்காலையும் கண்ணாடியின் முன் நிற்கப்போகிறவள் அவளே.