கண்ணுக்குக் கீழே கருவளையம், வீக்கம்... தூக்கம் மட்டும்தான் காரணமா?

"என்னாச்சு, நேத்து நைட் தூங்கலையா?"

எட்டு மணி நேரம் நன்றாகத் தூங்கி எழுந்து அலுவலகம் போனாலும் சிலரை இந்தக் கேள்வி விடுவதில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தால் 'தூக்கமில்லை', கொஞ்சம் வீங்கியிருந்தால் 'அழுதிருக்காங்க' என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால், தூக்கமின்மை என்பது பல காரணங்களில் ஒன்று மட்டுமே. சில நேரங்களில் மூக்கு, தைராய்டு, சிறுநீரகம் என்று வேறு எங்கோ இருக்கும் கோளாறு முதலில் எட்டிப் பார்க்கும் இடம் இதுதான்.

காரணம் எளிது. உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல். அதற்கு அடியில் கொழுப்பும் குறைவு. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் நிறம் வெளியே தெரிந்துவிடும். கொஞ்சம் நீர் கோத்தாலும் உடனே உப்பிவிடும்.

கருமையில் மூன்று வகை

எல்லாக் கருவளையமும் ஒன்றல்ல. பழுப்பு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் மெலனின் நிறமி அதிகமாகச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரும். நம் ஊர்த் தோல் நிறத்துக்கு இது சகஜம், நோயே இல்லை. நீலமாகவோ ஊதாவாகவோ தெரிந்தால், அது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்களின் நிறம். மூன்றாவது வகை வெறும் நிழல். வயது ஏற ஏற, அல்லது எடை வேகமாகக் குறையும்போது, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுகிறது. மேலிருந்து விளக்கு வெளிச்சம் விழும் லிஃப்ட் கண்ணாடியில் பயங்கரமாகத் தெரியும். நேர் வெளிச்சத்தில் எடுக்கும் செல்ஃபியில் காணாமல் போய்விடும்.

கீழிமைத் தோலை விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தால் ஓரளவு புரிந்துவிடும். நிழல் என்றால் குறையும். நிறமி என்றால் அப்படியே இருக்கும். ரத்தக்குழாய் என்றால் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும். நிழலைப் போக்க எந்த கிரீமாலும் முடியாது என்பதைத் தெரிந்துகொண்டாலே பலருக்குப் பணம் மிச்சம்.

மூக்கில் தொடங்கும் கருமை

காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், எப்போதும் மூக்கடைப்பு, கண்ணில் அரிப்பு. இந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே நீலக் கருமை வருவது மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான அடையாளம். மூக்கின் உள்சவ்வு வீங்கும்போது, கண் பகுதியிலிருந்து ரத்தம் வடியும் சிரைகளில் தேக்கம் ஏற்படுகிறது. அரிப்பு தாங்காமல் கண்ணைக் கசக்கக் கசக்க, நிறமியும் சேர்ந்துகொள்கிறது. இவர்கள் கண்ணுக்கு கிரீம் பூசுவதைவிட மூக்குக்கு வைத்தியம் பார்ப்பதுதான் சரி.

அடுத்தது ரத்தசோகை. இது கருமையை உண்டாக்குவதைவிட, முகத்தை வெளிற வைத்து இருக்கும் கருமையை எடுத்துக்காட்டுகிறது என்பதே பொருத்தம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீயுடன் விழுங்கினால் சத்து சரியாக உடலில் சேராது.

வீக்கம்: நேரத்தைக் கவனியுங்கள்

ராத்திரி பரோட்டா சால்னா, ஊறுகாய், சிப்ஸ் என்று உப்பு தூக்கலாகச் சாப்பிட்டுப் படுத்தால் காலையில் கண் உப்பியிருக்கும். படுத்திருக்கும்போது பரவும் நீர், எழுந்து நடமாடியதும் வடிந்துவிடும். வெள்ளரிக்காய் வைத்தியத்தில் வேலை செய்வதும் பெரும்பாலும் அதன் குளிர்ச்சிதான். ஃப்ரிட்ஜில் வைத்த ஸ்பூனும் அதையே செய்யும். வயதானவர்களின் கண்ணுக்குக் கீழ் நாள் முழுக்க ஒரே மாதிரி தொங்கும் பை பெரும்பாலும் நீரல்ல, முன்னே தள்ளிய கொழுப்பு.

கவலைப்பட வேண்டியது வேறு. தினமும் காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சாயங்காலம் காலில் வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை. இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் புரதத்தை வெளியே விடுகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம்தான் நீரைக் குழாய்க்குள் பிடித்து வைக்கிறது. அது சிறுநீரில் போய்விட்டால் நீர் கசிந்து, மெல்லிய தோல் இருக்கும் இடத்தில் முதலில் தேங்கும். சின்னக் குழந்தைகளுக்கு 'அலர்ஜியா இருக்கும்' என்று சொட்டு மருந்து போட்டே நாட்கள் ஓடிவிடுவதுண்டு. ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் தெரிந்துவிடும்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நடந்தது இதற்கு இன்னொரு பாடம். 2021-க்கும் 2023-க்கும் இடையே சிறுநீரில் புரதம் போகும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் ஓர் அபூர்வ வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பயன்படுத்தியவர்கள். சந்தேகம் அந்த கிரீம்களில் இருந்த பாதரசத்தின் மீது விழுந்தது. கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. கருவளையம் போகட்டும் என்று பெயர் தெரியாத கிரீமைப் பூசப்போய், கண் வீக்கத்தோடு சிறுநீரக மருத்துவரிடம் போய் நிற்கும் ஆபத்து கற்பனை அல்ல.

தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கண்ணைச் சுற்றி உப்பும். இதில் நீரைப் பிடித்துக்கொள்ளும் ஒருவகைப் பொருள் தோலுக்கு அடியில் சேர்வதால், விரலால் அழுத்தினாலும் குழி விழாது. கூடவே எடை ஏற்றம், மலச்சிக்கல், ஏசி அறையில் மற்றவர்களைவிட அதிகக் குளிர் இருக்கும். டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். சுரப்பு அதிகமானால் கண் வீக்கத்தோடு விழி வெளியே பிதுங்கியது போலத் தெரியலாம்.

காத்திருக்கக் கூடாதவை

ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, காய்ச்சலும் இருந்தால் அது தொற்றாக இருக்கலாம். பார்வை மங்கினாலோ விழியை அசைக்க முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உதடு, நாக்கு வீங்கி மூச்சு திணறினால் 108-ஐ அழைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 20-வது வாரத்துக்குப் பிறகு திடீரென முகம் வீங்கி, தலைவலியும் இருந்தால் உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

மற்றபடி, பொது மருத்துவரிடம் முதலில் போனாலே போதும். போகும்போது தினமும் போடும் மருந்துகளையும் சொல்லிவிடுங்கள். கண் அழுத்த நோய்க்குத் தரப்படும் பைமடோப்ராஸ்ட் போன்ற சில சொட்டு மருந்துகள் கண்ணைச் சுற்றிக் கருமையை ஏற்படுத்தக்கூடியவை. அதற்காகச் சொட்டு மருந்தை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மாற்று உண்டா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.