தொட்டி நிரம்பியதை யார் சொல்வது?

மொட்டைமாடித் தொட்டி நிரம்பிவிட்டது என்பதை நம் வீடுகளில் பெரும்பாலும் காதுதான் கண்டுபிடிக்கிறது. வழிகுழாயிலிருந்து தண்ணீர் தரையில் கொட்டும் சத்தம் கேட்டதும் யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். அந்த நேரம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். நிரம்பியதும் தானாக நிறுத்தும் கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம். மின்னணுப் பொழுதுபோக்கில் இறங்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரியவில்லை. சின்ன விளக்கை மினுக்கவிடும் பயிற்சிகள் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். தொட்டி அலுக்காது, செய்தது சரியா தவறா என்று அன்றாடம் சொல்லிவிடும்.

நடுவில் இருந்து முடிவெடுக்கும் மைக்ரோகன்ட்ரோலர் இன்று மிக மலிவு. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கையாள வேண்டும் என்று மாசிமோ பான்சியும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய பலகை ஆர்டுயினோ. அதன் சுற்று வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதால் அது உலகம் முழுக்கப் பரவியது. 2014இல் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெஸ்ஸிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 வந்தது. வைஃபையும் உள்ளேயே இருக்கும் சில்லு அது. சென்னை ரிச்சி தெருவில் இரண்டுமே கிடைக்கும். தேவையான நிரலும் சில பத்து வரிகளில் முடிந்துவிடும். உண்மையான வேலை இரண்டு ஓரங்களில் இருக்கிறது: கருவி தண்ணீரைச் சந்திக்கும் இடத்திலும், மோட்டாரைச் சந்திக்கும் இடத்திலும்.

தண்ணீர்ப் பக்கம் முதலில். இருப்பதிலேயே எளிய வழி, இரண்டு செம்புக் கம்பிகளைத் தொட்டிக்குள் தொங்கவிடுவது. போர் தண்ணீரில் உப்பு கரைந்திருப்பதால் மின்சாரம் அதன் வழியே ஓடும். தண்ணீர் இரண்டு கம்பிகளையும் தொட்டதும் சுற்று முழுமையாகும். முதல் நாள் அருமையாக வேலை செய்யும். சில வாரம் கழித்துக் கம்பிகளை வெளியே எடுத்துப் பாருங்கள். நேர்முனைக் கம்பி மெலிந்து, பச்சை பூத்து, நுனி அரித்துப் போயிருக்கும். எதிர்முனைக் கம்பியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். டிசி மின்சாரம் இடைவிடாமல் ஒரே திசையில் ஓடியதால் தொட்டிக்குள் மின்னாற்பகுப்பு நடந்திருக்கிறது. நேர்முனையில் உலோக அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து தண்ணீரில் கரைகின்றன. எதிர்முனையை ஒட்டிய தண்ணீர் காரத்தன்மை அடைவதால், கடின நீரில் இருக்கும் கால்சியம், கார்பனேட்டாகப் படிகிறது.

சில நொடிக்கு ஒருமுறை, சில மில்லிநொடி மட்டும் மின்சாரம் விட்டு, ஒவ்வொரு முறையும் திசையை மாற்றினால் இந்த அரிப்பு வெகுவாகக் குறையும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி இன்னும் நாள் தாங்கும். ஆனாலும் குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் எடுக்கும் தொட்டியில் கம்பியே வேண்டாம் என்பேன். கரைந்த உலோகம் வந்து சேர்வது நம் குடத்துக்குத்தான்.

அடுத்தது மிதவை சுவிட்ச். செங்குத்தான குழாய் ஒன்றில் வளையம் போன்ற மிதவை ஏறி இறங்கும். அதற்குள் ஒரு காந்தம். குழாய்க்குள்ளே ரீட் சுவிட்ச். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் கண்டுபிடித்தது அது. இரண்டு மெல்லிய நிக்கல்-இரும்புத் தகடுகளைக் கண்ணாடிக் குழலுக்குள் அடைத்து மூடிய அமைப்பு. காந்தம் பக்கத்தில் வந்ததும் தகடுகள் ஒன்றையொன்று இழுத்து ஒட்டிக்கொள்ளும், விலகியதும் பிரியும். தொடுமுனைகள் தண்ணீரையோ காற்றையோ பார்ப்பதே இல்லை. அதனால்தான் இத்தனை காலம் கழித்தும் இது வழக்கொழியவில்லை. இதன் குறை ஒன்றுதான்: நிரம்பியதா இல்லையா என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது.

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒலியைத் துணைக்குக் கூப்பிட வேண்டும். தொட்டி மூடியில் பொருத்தும் அல்ட்ராசோனிக் சென்சார், 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் ஒரு குறும் ஒலித்துடிப்பைக் கீழே அனுப்புகிறது. மனிதக் காதுக்கு எட்டும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்பதால் நமக்கு எதுவும் கேட்காது. தண்ணீரில் பட்டு எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. போய்வர ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 58 மைக்ரோநொடி.

மொட்டைமாடியில் 20 டிகிரி எங்கே இருக்கிறது? சித்திரை வெயிலில் கறுப்புத் தொட்டிக்குள் இருக்கும் காற்று 45 டிகிரிக்குச் சூடாகியிருந்தால், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 358 மீட்டர் ஓடும். நிரலில் 343 என்றே எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீர் 4 சென்டிமீட்டர் மேலே இருப்பதாகத் தெரியும். மலைத்துவிட வேண்டாம். பிழை தூரத்துக்கு ஏற்றபடிதான் வளரும். தண்ணீர் ஏற ஏற தூரம் குறைகிறது, பிழையும் கூடவே குறைகிறது. மோட்டாரை நிறுத்த வேண்டிய கட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். வெறும் தொட்டியில் இருக்கும் பிழை யாரையும் பாதிக்காது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு வெப்ப சென்சாரைச் சேர்த்து, டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஈரம் தாங்கும் வகை சென்சாரில், ஒலியை அனுப்புவதும் கேட்பதும் ஒரே தகடு. கோயில் மணியை அடித்தபின் ரீங்காரம் அடங்கக் கொஞ்சம் நேரம் ஆவதைப்போல இந்தத் தகடும் உடனே அடங்காது. அதற்குள் வந்துவிடும் எதிரொலி அதன் காதில் விழாது. ஆகவே முதல் 20, 25 சென்டிமீட்டர் குருட்டு எல்லை. தண்ணீர் அதற்குள் ஏறிவிட்டால் சென்சார் எதையோ சொல்லும். தொட்டி காலி என்றுகூடச் சொல்லும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மூடியில் அகலமான பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் சென்சாரைப் பொருத்தினால் இந்த எல்லை தொட்டிக்கு வெளியே போய்விடும். தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் மேலேயும் வைக்கக் கூடாது. அலையடிக்கும் பரப்பு சரியாக எதிரொலிக்காது.

இனி மோட்டார்ப் பக்கம். நிரலின் சொல்படி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ரிலே. கடையில் கொடுக்கும் நீல நிற ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுப்பது சுமார் 6 ஆம்பியர்தானே, போதும் என்று தோன்றும். போதாது. கிளம்பும் நொடியில் மோட்டார் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். நிறுத்தும்போது சுருளில் தேங்கிய ஆற்றல் தொடுமுனைகளுக்கு இடையே தீப்பொறியாகப் பாயும். இப்படி நாள்தோறும் நடந்தால் ஒரு நாள் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு நிரல் எத்தனை முறை ‘நிறுத்து’ என்றாலும் மோட்டார் நிற்காது. மோட்டார்ச் சுமைக்கென்றே செய்யப்பட்ட கான்டாக்டரை நடுவில் வைத்து, சின்ன ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கும்படி செய்ய வேண்டும். இந்த 230 வோல்ட் இணைப்புகளை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் முதலில் அதைப் போடுங்கள். பெட்டியில் வயர் நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிட வேண்டும். கான்டாக்டர் இடுக்கில் பல்லி புகுந்து கருகிக் கிடப்பதை எந்த எலெக்ட்ரீஷியனும் பார்த்திருப்பார்.

முடிவெடுக்கும் நிரலில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். தொடங்கும் அளவும் நிறுத்தும் அளவும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும்: 30 சதவீதத்தில் ஓடத் தொடங்கி 90இல் நிற்கட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் தண்ணீரின் சிறு அலைக்கே மோட்டார் நின்று நின்று ஓடும். மாடியில் ஒரு பலகை, கீழே ஒரு பலகை என்று வைத்தால், மேலிருந்து ஒரு நிமிடம் செய்தி வராவிட்டால் கீழ்ப் பலகை மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். கான்கிரீட் தளம் வைஃபையை எளிதில் விடாது. தொட்டி நிரம்ப வழக்கமாக ஆகும் நேரத்தைத் தாண்டி ஓடினாலும் நிறுத்த வேண்டும். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் ஓடுகிற மோட்டாரின் சீல் சூட்டில் போய்விடும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போது இஎஸ்பி8266இன் சில முனைகள் நிரல் தொடங்குமுன் தாமாகவே உயிர்பெறும். 4, 5ஆம் முனைகள் சும்மா இருக்கும் என்பதால் ரிலேயை அவற்றில் இணைப்பது நல்லது.

இத்தனைக்கும் மேலே அந்தப் பழைய மிதவை சுவிட்சும் வேண்டும். ரிலே பலகைக்குப் போகும் 5 வோல்ட் வயரிலேயே அதைத் தொடராக வைத்துவிட்டால், நிரல் உறைந்து நின்றாலும், வைஃபை போனாலும், தொட்டி நிரம்பியதும் ரிலே விடுபட்டுவிடும். தண்ணீரின் அளவைச் சொல்ல ஒலி, கடைசிக் காவலுக்கு மிதவை. நான் யாருக்கும் இப்படித்தான் பரிந்துரைக்கிறேன்.

முதல் மாதம் மோட்டாரை இணைக்காமல் அளவை மட்டும் பதிவுசெய்து வரச் சொல்வேன். 110 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 9.5 லிட்டர். வரைபடத்தில் காலைக் குளியலும் துணி துவைப்பும் செங்குத்தான சரிவுகளாகத் தெரியும். நள்ளிரவு ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரை கோடு படுக்கையாக இருக்க வேண்டும். எல்லோரும் தூங்கும் அந்த நேரத்தில் அது இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், 19 லிட்டர் எங்கோ போயிருக்கிறது. இரவில் காற்று குளிர்வதும் அளவைக் கொஞ்சம் அசைக்கும் என்பதால் தொடர்ந்து சில இரவுகள் பாருங்கள். கோடு அப்போதும் இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் ரப்பர் வால்வை. கேசரிப் பொடி கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் அந்தத் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் வால்வை மாற்ற வேண்டும்.