19 கோல் கூடுதல், ஆனால் கோப்பை இல்லை: 2006–07 லா லீகாவைத் தீர்மானித்த விதி

கால்பந்து லீகில் இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் முடித்தால் யார் சாம்பியன்? இந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. ஸ்பெயினில் 2006–07 சீசனின் கோப்பை எந்த அணிக்கு என்பதையே அந்த விடைதான் முடிவு செய்தது.

38 ஆட்டங்கள் முடிந்தபோது ரியல் மாட்ரிட்டுக்கு 76 புள்ளிகள். பார்சிலோனாவுக்கும் 76 புள்ளிகள். பார்சிலோனா 78 கோல் அடித்து 33 வாங்கியிருந்தது, வித்தியாசம் 45. ரியல் மாட்ரிட் 66 அடித்து 40 வாங்கியிருந்தது, வித்தியாசம் 26. தோல்விகளும் பார்சிலோனாவுக்குத்தான் குறைவு: பார்சிலோனா 6, மாட்ரிட் 8. இங்கிலாந்து லீகாக இருந்திருந்தால் பார்சிலோனா சாம்பியன். ஸ்பெயினில் கோப்பை மாட்ரிட்டுக்குப் போனது.

விதி என்ன சொல்கிறது?

லா லீகாவில் 20 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 19 அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் வெளியூரில் ஒருமுறையும் மோதும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. இரண்டு அணிகள் சமமாக முடித்தால், அவை தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பார்கள். அவற்றில் யார் அதிகப் புள்ளி எடுத்தார்களோ அவர்களுக்கே மேலிடம். புள்ளியும் சமமென்றால் அந்த இரண்டு ஆட்டங்களின் கோல் வித்தியாசம். அதிலும் பிரிக்க முடியாவிட்டால்தான் முழு சீசனின் கோல் வித்தியாசத்துக்கே வேலை.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் முழு சீசனின் கோல் வித்தியாசத்தை முதலில் பார்க்கிறது. 2011–12இல் மான்செஸ்டர் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் 89 புள்ளிகளில் நின்றபோது சிட்டி சாம்பியனானது அப்படித்தான். கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழக்கமான நெட் ரன் ரேட் போன்ற கணக்கு அது.

ஸ்பெயின் விதிக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. கடைசி இடத்தில் தத்தளிக்கும் அணியை 6–0 என்று நசுக்குவதால் பட்டத்துக்கான தகுதி கூடிவிடுமா? கோப்பைக்குப் போட்டியிடும் இருவரில் நேரடி மோதலில் யார் கை ஓங்கியது என்பதே முக்கியம் என்பது இந்த விதியின் வாதம். எதிர்வாதமும் வலுவானதே. பத்து மாதம் ஓடும் லீகில் 36 ஆட்டங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டை மட்டும் பார்ப்பது, லீக்கை நாக்–அவுட் ஆக்குவதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு.

அந்த இரண்டு ஆட்டங்கள்

சீசன் தொடங்கியபோது பார்சிலோனா உச்சத்தில் இருந்தது. பிராங்க் ரைகார்டின் அணி தொடர்ந்து இரண்டு முறை லீக் பட்டம் வென்றிருந்தது. 2006 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும் அதன் கைக்கு வந்தது. மாட்ரிட்டோ 2003க்குப் பிறகு எந்தப் பெரிய கோப்பையையும் தொடவில்லை. புதிய தலைவர் ரமோன் கால்தெரோன், இத்தாலியப் பயிற்சியாளர் ஃபேபியோ கப்பெல்லோவைக் கூட்டிவந்தார். அவருக்கு அழகான ஆட்டத்தைவிட வெற்றிதான் முக்கியம். கன்னவாரோ, எமர்சன், மஹமதூ டியாரா, ரூட் வான் நிஸ்டல்ரூய் என்று அனுபவசாலிகளை வாங்கினார்கள்.

முதல் மோதல் 2006 அக்டோபர் 22 அன்று மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில். ராவுலும் வான் நிஸ்டல்ரூயும் ஆளுக்கொரு கோல் அடிக்க, மாட்ரிட் 2–0 என வென்றது.

இரண்டாவது மோதல் 2007 மார்ச் 10 அன்று பார்சிலோனாவின் காம்ப் நோவில். மாட்ரிட் மூன்று முறை முன்னிலை பெற்றது. 19 வயது லியோனல் மெஸ்ஸி மூன்று முறையும் சமன் செய்தார். ஓலேகேர் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதால் பார்சிலோனா பத்துப் பேருடன் ஆடிக்கொண்டிருந்தது. மெஸ்ஸியின் மூன்றாவது கோல் ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்தது. ஆட்டம் 3–3. உலகம் அன்று பேசியது மெஸ்ஸியின் ஹாட்ரிக்கைப் பற்றி. ஆனால் நேரடி மோதல் கணக்கு அன்றோடு முடிந்துபோனது: மாட்ரிட்டுக்கு 4 புள்ளி, பார்சிலோனாவுக்கு 1. அன்றைய தேதியில் மாட்ரிட் பட்டியலில் பார்சிலோனாவுக்குப் பின்னால்தான் இருந்தது. இருந்தாலும், இனி இருவரும் சமமாக முடித்தால் கோப்பை மாட்ரிட்டுக்கு என்பது அன்றே உறுதியானது.

மாட்ரிட் எப்படி எட்டிப் பிடித்தது?

அந்த சீசன் மாட்ரிட்டுக்குச் சீராகப் போகவில்லை. டிசம்பரில், புதிதாக முதல் டிவிஷனுக்கு ஏறிவந்த ரெக்ரியாத்திவோ அணி பெர்னபேயுவுக்கே வந்து 3–0 என்று அடித்துவிட்டுப் போனது. ஜனவரியில் ரொனால்டோவை ஏசி மிலானுக்கு விற்றார்கள். அமெரிக்காவின் எல்.ஏ. கேலக்ஸிக்குப் போகப்போவதாக டேவிட் பெக்காம் அறிவித்ததும், இனி அவர் மாட்ரிட்டுக்காக ஆடமாட்டார் என்றார் கப்பெல்லோ. ஒரு மாதத்துக்குள் அந்தச் சொல்லை அவரே விழுங்க வேண்டியிருந்தது. திரும்ப அழைக்கப்பட்ட பெக்காம், பிப்ரவரியில் ரியல் சொசியெதாதுக்கு எதிரான ஆட்டத்திலேயே ஃப்ரீ கிக்கில் கோல் அடித்தார்.

அதன் பிறகு மாட்ரிட்டுக்குக் கடைசி நிமிட வெற்றிகள் வழக்கமாயின. மே 12 அன்று எஸ்பான்யோலிடம் 1–3 எனப் பின்தங்கி, ஹிகுவெய்ன் கடைசி நேரத்தில் அடித்த கோலால் 4–3 என வென்றது. அடுத்த வாரம் ரெக்ரியாத்திவோ மைதானத்தில் ராபர்டோ கார்லோஸ் காயநேரத்தில் கோல் அடிக்க, 3–2 வெற்றி. அந்த சீசனில் 25 கோல்களுடன் லீகின் அதிகபட்ச கோல் வீரராக முடித்தவர் வான் நிஸ்டல்ரூய்.

பார்சிலோனா பக்கம் காயங்கள் படுத்தின. சாமுவேல் எட்டோ முழங்கால் காயத்தால் பல மாதங்கள் ஆடவில்லை. மெஸ்ஸியின் பாத எலும்பு நவம்பரில் முறிந்தது. ரொனால்டினோ 21 கோல் அடித்தும், முந்தைய இரு ஆண்டுகளின் வேகம் அணியிடம் இல்லை.

ஜூன் 9: ஒரே நேரத்தில் மூன்று டிராக்கள்

கடைசிக்கு முந்தைய சுற்று தொடங்கும்போது மாட்ரிட்டும் பார்சிலோனாவும் தலா 72, செவில்லா 70. இறுதிச் சுற்றுகளில் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால் மூன்று மைதானங்களிலும் காதில் ரேடியோவோடு ரசிகர்கள்.

சரகோசாவில் டியகோ மிலிட்டோவின் இரண்டு கோல்களால் மாட்ரிட் 1–2 எனப் பின்தங்கியிருந்தது. காம்ப் நோவில் பார்சிலோனா, நகரத்துப் போட்டியாளரான எஸ்பான்யோலை விட 2–1 என முன்னிலை. அதில் மெஸ்ஸியின் முதல் கோல் கையால் தட்டிவிட்டது; நடுவர் கவனிக்கவில்லை. அப்படியே முடிந்திருந்தால் பார்சிலோனா மூன்று புள்ளி மேலே போயிருக்கும். கடைசி ஆட்டத்தில் ஒரு டிரா போதும்.

89ஆவது நிமிடத்தில் சரகோசாவில் வான் நிஸ்டல்ரூய் சமன் செய்தார். சில நொடிகளிலேயே காம்ப் நோவில் எஸ்பான்யோலின் ராவுல் தமூடோ தன் இரண்டாவது கோலை அடித்தார். இரண்டு ஆட்டங்களும் 2–2. மயோர்காவில் செவில்லாவும் கோலின்றி டிரா செய்ய, பட்டியல் 73, 73, 71 என்று நின்றது. முன்னிலை நேரடி மோதல் விதியால் மாட்ரிட்டுக்கே. ஸ்பெயினில் இன்றும் அந்தக் கோலுக்குத் ‘தமூடாசோ’ என்றே பெயர்.

ஜூன் 17: கடைசி நாள்

பார்சிலோனா அதன் வேலையைச் செய்தது. ஏற்கெனவே கீழிறங்கிவிட்ட ஜிம்னாஸ்டிக் அணியைத் தாரகோனாவில் 5–1 எனத் தோற்கடித்தது. பெர்னபேயுவில் 17ஆவது நிமிடத்தில் வாரெலா அடித்த கோலால் மயோர்கா முன்னிலை பெற்றது. வான் நிஸ்டல்ரூய் காயத்துடன் வெளியேறினார். அப்போதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பட்டியலில் பார்சிலோனாதான் முதலிடம்.

இரண்டாம் பாதியில், தன் கடைசி ஆட்டத்தை ஆடிய பெக்காமுக்குப் பதிலாக, ஆர்செனலிடமிருந்து கடனாக வந்த ஹோசே அந்தோனியோ ரெயஸ் களமிறங்கினார். 68ஆவது நிமிடத்தில் ரெயஸ் சமன் செய்தார். 80இல் டியாரா தலையால் முட்ட முன்னிலை. 83இல் மீண்டும் ரெயஸ். 3–1. மாட்ரிட்டுக்கு 30ஆவது லீக் பட்டம்.

செவில்லா அன்று வில்லாரியலிடம் 0–1 எனத் தோற்று 71 புள்ளியிலேயே நின்றது. எனினும் யூஈஎஃப்ஏ கோப்பையையும் ஸ்பானிய அரசர் கோப்பையையும் அதே சீசனில் அது வென்றது. பட்டியலின் அடியில் ஜிம்னாஸ்டிக்குடன் செல்டா விகோவும் ரியல் சொசியெதாதும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கின. சொசியெதாதுக்கு நாற்பது ஆண்டுகளில் அது முதல் இறக்கம். ஒருபோதும் கீழிறங்காத அத்லெடிக் பில்பாவ் ஒரே புள்ளியில் தப்பியது.

பறிபோனதா, விட்டதா?

19 கோல் கூடுதலாக வைத்திருந்தும் கோப்பை நழுவியதால் விதியே பார்சிலோனாவை ஏமாற்றியது என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு நிற்காது. 1993–94இல் பார்சிலோனாவும் டெபோர்டிவோவும் 56 புள்ளிகளில் சமமாக முடித்தபோது, நேரடி மோதலில் மேலே நின்ற பார்சிலோனாவுக்கே கோப்பை போனது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். சீசனின் முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்ததும்கூட. மார்ச் 10க்குப் பிறகு பார்சிலோனாவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு புள்ளி கூடுதல். அதை எஸ்பான்யோலுக்கு எதிராகக் கையில் வைத்திருந்து, கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டது.

வென்றவருக்கும் நிம்மதி நீடிக்கவில்லை. பட்டம் வென்று பதினோரு நாளில், ஜூன் 28 அன்று, ஆட்டம் ரசிக்கும்படி இல்லை என்ற குறையோடு கப்பெல்லோவை மாட்ரிட் நீக்கியது. பெர்ன்ட் ஷூஸ்டர் அந்த இடத்துக்கு வந்து அடுத்த ஆண்டும் கோப்பையை வென்றார். நேரடி மோதல் விதி லா லீகாவில் அதன் பிறகும் மாறவில்லை.